ஒரு மதிப்பெண் எஸ்கிமோ

எழுதுபொருள் கடைகளில் சுருட்டிக் கட்டி விற்கும் படத்தாள்களுள் 'வீடுகளின் வகைகள்' என்றொரு தாள் உண்டு. குடிசை, ஓட்டுவீடு, மாடிவீடு, படகுவீடு, கூடாரம் என வரிசையாகச் செல்லும் அத்தாளின் ஏதோவொரு கட்டத்தில், கவிழ்த்து வைத்த வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு வீடு இருக்கும். அதன் கீழே 'இக்ளூ' என்று அச்சிட்டிருப்பார்கள். சில தாள்களில் உரோமத் தோலாடை உடுத்தி, கையில் ஈட்டியோடு, சிரித்த முகமாய் ஒருவர் அதன் வாயிலில் நிற்பார். ஆங்கில அரிச்சுவடி பயிலத் தொடங்கும் நான்கு வயதுக் குழந்தைக்கும் 'ஐ' என்ற எழுத்துக்கு நாம் காட்டுவது பெரும்பாலும் இந்த வீட்டைத்தான். பின்னர் அதையே தெர்மகோலிலும் பஞ்சிலும் செய்துவரச் சொல்கிறோம் (செய்து முடிப்பவர் பெரும்பாலும் பெற்றோரே). தேர்வில் 'பனிக்கட்டி வீட்டில் வாழ்வோர் யார்?' என்று கேட்கிறோம். 'எஸ்கிமோக்கள்' என்று பிள்ளை எழுதுகிறது. ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. அத்துடன் வடதுருவத்தை அண்டி வாழும் ஒரு மக்களினத்தைப் பற்றிய கல்வி நிறைவு பெற்றுவிடுகிறது.

இது இன்று தோன்றிய வழக்கமன்று. தந்திரச் சமவெளி என்றால் எஸ்கிமோ, கலகாரி என்றால் புஷ்மென், காங்கோ என்றால் பிக்மி, அரேபியா என்றால் பெடோயின் என்று புவியியல் பாடத்தில் உருப்போட்ட தலைமுறைகள் நம்மிடையே உண்டு. ஒரு நிலம், அதற்கொரு இனம், அந்த இனத்துக்கு ஒரு வீடு, ஓர் உணவு, ஓர் ஆயுதம். பாடநூல்கள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆயினும் அந்தப் பழைய வாய்பாடு துணுக்கு வடிவம் எடுத்துப் பொது அறிவு நூல்களிலும், வினாடி வினாக்களிலும், 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற கட்டங்களிலும், பள்ளிகளில் நடைபெறும் உலகப் பண்பாட்டு நாள்களிலும் குடியேறி நலமாக வாழ்கிறது.

துணுக்குகளின்மேல் எனக்குப் பகையில்லை. பிள்ளைக்கு வியப்புத்தான் கல்வியின் வாசல். நம்மைப் போலல்லாத ஒருவர் உலகில் இருக்கிறார் என்று கேட்டுக் கண்ணகலும் குழந்தையைப் பார்த்து மகிழாத ஆசிரியர் யார்? நான் கேட்பது வேறு. வாசலில் நிற்கும் பிள்ளையை நாம் உள்ளே அழைத்துச் செல்கிறோமா, அல்லது வாசலிலேயே மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிறோமா என்பதே கேள்வி. இதைப் பொதுவாகப் பேசினால் பயனில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்த எஸ்கிமோவையே எடுத்து, அவரைப் பற்றி நாம் சொல்லித்தரும் நான்கைந்து துணுக்குகளையும் ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம்.

முதலில் பெயர். அம்மக்களுள் பெரும்பகுதியினர் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் இனுயிட். ஒருவரைக் குறித்தால் இனுக். அம்மொழியில் இனுயிட் என்றால் மக்கள் என்றே பொருள். 1977-இல் கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா ஆகிய நாட்டுப் பகுதிகளிலிருந்து ஒன்றுகூடி அமைத்த தங்கள் பேரவைக்கு அவர்கள் இப்பெயரையே சூட்டினர். 'எஸ்கிமோ' என்பது பிறர் இட்ட பெயர். கனடாவிலும் கிரீன்லாந்திலும் அதை இழிவாகவே கருதுகின்றனர். அலாஸ்காவில் வாழும் யூபிக் மக்கள் இவர்களுக்கு உறவினரேயாயினும் இனுயிட் அல்லர். நம் பாடநூலின் ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனை பேர் அடைபட்டுக் கிடக்கிறார்கள்.

அடுத்து, அந்த வீடு. இனுயிட் மொழியில் 'இக்ளு' என்பது வீடு என்னும் பொதுச்சொல். மரவீடும் இக்ளுதான், கல்வீடும் இக்ளுதான். பனியால் கட்டிய குவிமாட வீட்டைக் குளிர்கால இல்லமாகக் கொண்டிருந்தோர் பெரும்பாலும் நடுக் கனடாவின் ஆர்க்டிக் பகுதியினரும், கிரீன்லாந்தின் வடமேற்கு மூலையில் இருந்தோருமே. அலாஸ்காவிலும் கிரீன்லாந்தின் பிற பகுதிகளிலும் கல், புற்கரண், திமிங்கில எலும்பு, கடலில் மிதந்துவரும் மரம் ஆகியவற்றால் வீடு கட்டினார்கள். கோடையில் எங்கும் தோற்கூடாரம். 1950-களிலிருந்து 1960-கள் வரையிலான காலத்தில் கனடாவின் இனுயிட் குடும்பங்கள் நிலையான குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தன. இன்று வேட்டைக்குச் செல்வோர் வழியில் தங்க வேண்டி நேர்ந்தால் பனிவீடு எழுப்புவதுண்டு. திருவிழாக்களில் இளைஞருக்குக் கற்றுத் தருவதுண்டு. வசிப்பது மரவீடுகளில். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் வீட்டுப் பற்றாக்குறைதான் அங்கே இன்றைய பெருந்துயரங்களுள் ஒன்று. பனிவீடு என்று நம் பிள்ளை எழுதி மதிப்பெண் வாங்கும் அதே வேளையில் அங்கொரு பிள்ளை, பாடம் படிக்க ஒரு மூலை கிடைக்காமல் இருக்கக்கூடும்.

எனினும், பனிவீடு ஒரு பொய் என்று தள்ளிவிடச் சொல்லவில்லை. அதைவிட அருமையான பாடம் பிள்ளைகளுக்கு வேறில்லை. துணுக்கு அந்தப் பாடத்தை நடத்தவில்லை என்பதே என் குறை. எந்தப் பனியும் அதற்கு உதவாது. காற்றடித்து இறுகிய பனி வேண்டும். அதிலும் ஒரே வீச்சில் விழுந்து படிந்த அடுக்கு சிறந்தது. கட்டுபவர் உள்ளே நின்றுகொண்டு, காலடியிலுள்ள பனியையே கத்தியால் பாளம் பாளமாக வெட்டியெடுத்துச் சுற்றிலும் அடுக்குகிறார். முதல் வரிசையைச் சாய்வாகச் சீவிவிடுவதால் பாளங்கள் திருகுசுழியாக மேலேறுகின்றன. ஒவ்வொரு பாளமும் முந்தையதன்மேல் சாய்ந்து நிற்கிறது. தாங்குகட்டை எதுவும் தேவையில்லை. பனிக்குள் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை வெளியே விடாது. நுழைவாயில் தாழ்ந்திருக்கும், படுக்கும் மேடை உயர்ந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானதாகையால் கீழேயே தங்கிவிடுகிறது. சீல் என்னும் கடல்நாயின் கொழுப்பில் எரியும் கல்விளக்கின் சூட்டில் உட்சுவர் இலேசாக உருகி, மீண்டும் உறைந்து, வழுவழுப்பான பூச்சாகிறது. உச்சியில் காற்றுப்போக ஒரு துளை. வெளிச்சத்துக்கு நன்னீர்ப் பனிக்கட்டியில் ஒரு சன்னல். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1949-இல் எடுத்த பத்து நிமிடக் குறும்படமொன்று இவ்வளவையும் காட்டிவிடுகிறது. இரண்டு பேர் ஒன்றரை மணி நேரத்தில் கட்டி முடிக்கிறார்கள். இதைப் பார்த்த பிள்ளை 'எஸ்கிமோ பாவம், குளிரில் பனிக்குள் கிடக்கிறார்' என்று சொல்லாது. 'இவருக்கு இதை யார் கற்றுத் தந்தது?' என்றே கேட்கும். துணுக்கு 'என்ன' என்பதோடு நின்றுவிடுகிறது. 'ஏன்', 'எவ்வாறு' என்று கேட்டாலன்றி அங்கே ஒரு மனிதனின் அறிவு நம் கண்ணுக்குப் புலப்படாது.

அந்தச் சிரித்த முக வேட்டைக்காரர் எங்கிருந்து வந்தார்? நம் படத்தாள்களின் மூதாதை என்று ஒரு திரைப்படத்தைச் சொல்லலாம். ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி என்பார் ஒரு பிரெஞ்சு உரோம வணிக நிறுவனத்தின் பணத்தில், ஹட்சன் விரிகுடாவின் கீழ்க்கரையிலுள்ள இனுக்ஜுவாக் பகுதியில் படம்பிடித்து, 1922-இல் வெளியிட்ட 'வடக்கின் நானூக்' அது. ஆவணப்படக் கலையின் முன்னோடி என்று திரைவரலாறு அதைப் போற்றுகிறது. போற்றத்தக்க பகுதிகள் அதில் உண்டு; குழந்தைகளோடு அவர் விளையாடும் காட்சிகளின் கனிவை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நானூக் என்பது அவர் பெயரன்று. அவர் பெயர் அல்லாகரியல்லாக். படத்தில் மனைவியராகத் தோன்றும் பெண்கள் அவருடைய மனைவியரல்லர். அக்காலத்திலேயே அங்கு வேட்டைக்குத் துப்பாக்கி வழக்கிலிருந்தும், வால்ரஸ் வேட்டையை எறியீட்டியால் நடத்திக் காட்டுமாறு இயக்குநர் கேட்டுக்கொண்டார். பனிவீட்டுக்குள் ஒளி போதவில்லை என்று பாதி வெட்டப்பட்ட பெரிய வீடொன்றைக் கட்டி, அதில் அக்குடும்பம் தூங்கி விழிப்பதாகப் படம்பிடித்தார்கள். வணிகர் காட்டும் கிராமபோன் தட்டை நானூக் வியந்து பார்த்துப் பல்லால் கடிக்கிறார். பார்ப்பவர்கள் சிரித்தார்கள், இன்றும் சிரிக்கிறார்கள். அந்தக் கருவி என்னவென்று அவருக்கு நன்கு தெரியும்.

இங்கே ஃப்ளாஹர்ட்டியை மோசக்காரர் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. நான் அவ்வாறு எண்ணவில்லை. மறைந்துகொண்டிருக்கும் ஒரு வாழ்வைப் பதிவுசெய்ய விரும்பியதாகவே அவர் சொன்னார்; அம்மக்களும் மனமுவந்து ஒத்துழைத்தனர். தவறு நுட்பமானது. எதிரே நிற்கும் மனிதர் 1921-ஆம் ஆண்டில் வாழ்கிறார், துப்பாக்கி வைத்திருக்கிறார், உரோமச் சந்தையின் விலை ஏற்றத்தாழ்வு அவர் அடுப்பைப் பாதிக்கிறது. படமோ அவரைக் காலமே இல்லாத ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நம் துணுக்குகளின் இலக்கணமும் அதுவே. அவற்றின் வினைச்சொற்களைக் கவனியுங்கள்: 'வசிக்கிறார்கள்', 'உண்கிறார்கள்', 'உடுத்துகிறார்கள்'. எந்த ஆண்டில் என்று யாரும் கேட்பதில்லை. வரலாறு நமக்கு, வழக்கம் அவர்களுக்கு.

பனிக்கு நூறு சொற்கள் என்ற துணுக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1911-இல் மானிடவியலறிஞர் ஃபிரான்ஸ் போவாஸ் ஒரு மொழியியல் கருத்தை விளக்க நான்கு சொற்களை எடுத்துக்காட்டினார்: தரையில் கிடக்கும் பனி, வீழும் பனி, காற்றில் அலையும் பனி, குவிந்த பனி. 1940-இல் பெஞ்சமின் லீ வோர்ஃப் அதைச் சற்றுப் பெருக்கினார். பிறகு ஐம்பது, நூறு, இருநூறு என்று எழுதியவர் கைக்கேற்ப எண்ணிக்கை வளர்ந்தது. 1986-இல் லாரா மார்ட்டினும், அவரைத் தொடர்ந்து ஜெஃப்ரி புல்லமும் இந்த வளர்ச்சியின் கதையை அம்பலப்படுத்தினர். அவ்வாறாயின் சொற்கள் குறைவா? அதுவும் இல்லை. அம்மொழியின் சில வழக்குகளில் பனிக்கும் கடற்பனிக்கும் கலைச்சொற்கள் ஏராளமாக உண்டென்று 2010-இல் வந்த ஆய்வு காட்டியது. இதில் நம் பிள்ளைக்குச் சொல்லத்தக்க செய்தி எண்ணிக்கை அன்று. இனுயிட் மொழியில் வேர்ச்சொல்லோடு ஒட்டுமேல் ஒட்டாகச் சேர்த்து ஒரு முழு வாக்கியத்தையே ஒரு சொல்லாக்கலாம். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று மூச்சுவிடாமல் ஒரே சொல்லில் சொல்லிப் பழகிய தமிழ்க் குழந்தைக்கு, ஆங்கிலக் குழந்தையைவிட இது எளிதில் விளங்கும். யாரும் விளக்குவதில்லை. மார்கழிப் பனிக்கும் இமயத்துப் பனிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நாம், நூறு சொல் என்று கேட்டு வாய்பிளப்பதோடு சரி.

மூக்கோடு மூக்கு உரசி முத்தமிடுவார்கள் என்பது பிள்ளைகள் மிகவும் விரும்பும் துணுக்கு. வகுப்பறையில் சிரிப்பலை எழுப்பத் தவறாது. உண்மையில் 'குனிக்' என்னும் அவ்வழக்கம், பெரும்பாலும் தாய் தன் குழந்தையின் கன்னத்தில் மூக்கையும் மேலுதட்டையும் பதித்து மூச்சை உள்ளிழுப்பதாகும். குழந்தையின் மணத்தை முகர்ந்துகொள்வது. இதற்கு ஒரு பெயர் நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. உச்சி முகர்தல் என்கிறோம். வெளியூர் சென்று திரும்பிய பேரப்பிள்ளையின் தலையைப் பற்றி மோந்து பார்க்கும் பாட்டியை அறியாத தமிழ்வீடு எது? தன் பாட்டி செய்வதையே வடதுருவத் தாயும் செய்கிறாள் என்றறிந்தால் அந்தக் குழந்தை சிரிக்குமா? சிரிக்கலாம், ஆனால் அது வேறு சிரிப்பு.

பெயரிடும் முறைக்கு வருவோம். இது துணுக்குகளில் இடம்பெறுவதேயில்லை. ஆனால் எல்லாவற்றினும் நமக்கு நெருக்கமானது. இனுயிட் குடும்பத்தில் பிறக்கும் குழந்தைக்கு அண்மையில் மறைந்த ஒருவரின் பெயரைச் சூட்டுவது வழக்கம். பெயரோடு அவருடைய ஏதோவொன்றும் குழந்தையிடம் வந்து சேர்கிறது என்பது நம்பிக்கை. எனவே உறவுமுறையும் உடன் வருகிறது. மறைந்த தன் தந்தையின் பெயரை மகனுக்கு இட்ட தாய், மகனை 'அப்பா' என்றே அழைப்பாள். நாமோ பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆகையால் பெயரன் என்றோம். அதுவே பேரன் ஆயிற்று. மாமனார் பெயர் வைத்த பிள்ளையைப் பெயர்சொல்லி அழைக்கத் தயங்கி 'அய்யா' என்றும் 'பெரியவரே' என்றும் விளிக்கும் மருமகள்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். திருமுழுக்குப் பெயர்களையும் அவர்கள் தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டார்கள். நாம் யோசேப்பைச் சூசையாகவும், பேதுருவை இராயப்பனாகவும், பவுலைச் சின்னப்பனாகவும் ஆக்கிக்கொண்டது போல், அங்கே ஜோசப் ஜோசெபி ஆனார்.

இந்தப் பெயர்களை அரசாங்கத்தால் எழுதி வைக்க முடியவில்லை. குடும்பப் பெயரில்லை, ஒரே பெயர் பலருக்கு, ஆண் பெண் என்ற வேறுபாடும் பெயரில் இல்லை. ஆகவே கனடா அரசு 1941 முதல் ஒவ்வோர் இனுக்குக்கும் எண் பொறித்த சிறு வட்டத்தகடு ஒன்றைக் கொடுத்தது. கழுத்தில் அணிந்துகொள்ளலாம், ஆடையில் தைத்துக்கொள்ளலாம். கிழக்கில் வாழ்ந்தோர்க்கு ஒரு முன்னெழுத்து, மேற்கில் வாழ்ந்தோர்க்கு வேறோர் எழுத்து, பிறகு எண். அரசுக் கடிதங்களில் அவர்கள் அந்த எண்ணாகவே இருந்தார்கள். வடமேற்கு ஆட்சிப் பகுதிகளின் மன்றத்தில் அமர்ந்த முதல் இனுக்காகிய ஏப் ஒக்பிக், 1960-களின் இறுதியில் ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாக அமர்ந்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் அவர்கள் விரும்பும் குடும்பப் பெயரைக் கேட்டு எழுதினார். அதன் பின்னரே எண்கள் மெல்ல மறைந்தன. ஒரு மக்களைத் தகட்டு எண்ணாகக் கண்ட அலுவலகத்துக்கும், விடைத்தாளில் ஒரு சொல்லாகக் காணும் நமக்கும் இடையே தொலைவு பெரிதுதான். ஒருவர் கையில் அதிகாரம் இருந்தது, மற்றவர் கையில் சிவப்புப் பேனா மட்டுமே. இருந்தும், மனிதரை எளிதில் கையாள்வதற்காகச் சுருக்கிக்கொள்ளும் வழக்கம் இரண்டிலும் ஒன்றே.

நானூக் படம் எடுக்கப்பட்ட இனுக்ஜுவாக்கின் கதை அத்துடன் முடியவில்லை. 1953-இலும் 1955-இலும் அவ்வூர்க் குடும்பங்கள் சிலவற்றைக் கனடா அரசு கப்பலேற்றி ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுசென்று, கிரைஸ் ஃபியோர்டு, ரெசல்யூட் என்னும் இடங்களில் இறக்கியது. அங்கே நிலமும் வேறு, வேட்டையும் வேறு. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கதிரவனையே காண முடியாது. ஒன்றாக வாழ்வோம் என்று நம்பி ஏறியவர்களைப் போகும் வழியில் பிரித்தார்கள். இரண்டாண்டுகளில் திரும்பலாம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. ஆளில்லாத தீவுகளில் ஆட்களை நிறுத்தித் தன் நாட்டெல்லையை உறுதிசெய்யும் நோக்கம் அதிலிருந்தது என்ற குற்றச்சாட்டு இன்றுவரை ஓயவில்லை. 2010 ஆகஸ்டில் அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. 1955-இல் சென்றவர்களுள் ஜோசெபி என்பவர் ஒருவர். ஃப்ளாஹர்ட்டிக்கு இனுக்ஜுவாக்கின் பெண்ணொருத்தியிடம் பிறந்த மகன். படம் முடிந்து தந்தை ஊர் திரும்பிய பிறகு பிறந்தவர், தந்தையைக் கண்டதேயில்லை. எஸ்கிமோ எங்கும் எப்படியும் வாழ்வார், பனிதான் அவருக்கு வீடு என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், அவர்களை எங்கே கொண்டுபோய் இறக்கினால் என்ன என்று அலுவலர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. துணுக்கு யாரையும் துன்புறுத்துவதில்லை என்போர் இந்தக் கப்பலை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கத்தோலிக்க வாசகரிடம் மறைக்கக் கூடாத பகுதியும் ஒன்றுண்டு. இனுயிட் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைத்த அரசுத் திட்டத்தில் திருச்சபைகளும் பங்கேற்றன. ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையிலுள்ள செஸ்டர்ஃபீல்டு இன்லெட் விடுதியை 1950-களிலும் 1960-களிலும் நடத்தியது நம் திருச்சபையே. அப்பணித்தளத்தைத் தொடங்கியவர்கள் அமலமரித் தியாகிகள் சபையினர். 1841-இல் கனடாவுக்கும், 1847-இல் யாழ்ப்பாணத்துக்கும் புனித யூஜின் டி மசெனோது அனுப்பி வைத்த அதே சபையினர். ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அச்சபை கல்விக்கும் தொண்டுக்கும் மறுபெயர். வடக்கே பனிநிலத்தில், நல்மனத்தோடு உழைத்த பலர் இருந்தும், பிள்ளைகள் தாய்மொழியை இழந்தார்கள். சிலர் அதனினும் கொடிய தீங்குகளுக்கு ஆளானார்கள். அச்சபையினர் கனடாவின் பழங்குடி மக்களிடம் 1991-இல் மன்னிப்பு வேண்டினர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 29 அன்று நுனாவுட்டின் தலைநகராகிய இக்காலுயிட் சென்று, அம்மக்களிடம் வருத்தம் தெரிவித்தார். அவர் பாதிக்கப்பட்டோரைச் சந்தித்த இடம் ஒரு தொடக்கப் பள்ளி. தம் உரையில், பனிவீட்டை ஒளியூட்டிய அந்தக் கல்விளக்கையும் அவர் மறக்காமல் குறிப்பிட்டார். ரோமையிலிருந்து சென்ற எண்பத்தைந்து வயது முதியவர் அறிந்திருந்த விளக்கு, நம் படத்தாளில் இல்லை.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாடுகடத்தலையும் விடுதித் துயரங்களையும் மூன்றாம் வகுப்பில் கொட்டச் சொல்வது அறிவீனம். ஆனால் பனிவீட்டின் வாயில் ஏன் தாழ்ந்திருக்கிறது என்று மூன்றாம் வகுப்பில் கேட்கலாம். தாய் ஏன் குழந்தையை முகர்கிறாள் என்று கேட்கலாம். 'இப்போது அவர்கள் எங்கே வசிக்கிறார்கள்?' என்று ஒரு வரி சேர்க்கலாம்: 1999 ஏப்ரல் 1 முதல் கனடாவில் இனுயிட் மக்கள் பெரும்பான்மையாய் வாழும் நுனாவுட் என்னும் ஆட்சிப்பகுதி இருக்கிறது, தமிழ்நாட்டைப் போலப் பதினாறு மடங்கு பரப்பு, மக்களோ ஏறத்தாழ நாற்பதாயிரம் பேரே. ஒன்பதாம் வகுப்பில் கப்பலின் கதையைச் சொல்லலாம். நாற்பது பக்கத்தில் நாற்பது நாடுகளைக் காட்டுவதற்குப் பதிலாக நான்கு நாடுகளைக் காட்டினால் நேரமும் கிடைக்கும்.

துணுக்குக்கு மாற்றாக வந்த மற்றொரு வகை நூல்களும் என்னை நிறைவு செய்யவில்லை. யுனிசெஃப் அமைப்போடு இணைந்து 1995-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'என்னைப் போன்ற குழந்தைகள்' என்னும் பொருள்படும் ஆங்கிலப் படநூல் அவ்வகையில் தலைசிறந்தது. பார்னபஸ், அனபெல் கிண்டர்ஸ்லி இணையர் பல நாடுகளுக்கு நேரில் சென்று, பெயருள்ள, முகமுள்ள, விருப்பு வெறுப்புள்ள குழந்தைகளை நம்முன் நிறுத்தினார்கள். படத்தாளின் பெயரற்ற எஸ்கிமோவுக்கு இது எவ்வளவோ மேல். ஆயினும் வெள்ளைப் பின்னணியில் ஒரே அளவில் வரிசையாக நிற்கும் அந்தப் படங்களில் ஒரு வீட்டின் வறுமையும் மற்றொரு வீட்டின் வளமும் சம அழகுடன் பளபளக்கின்றன. எல்லாரும் ஒன்றே என்று தொடங்கிவிட்டால், ஒருவருக்கு ஏன் கிணறு தொலைவிலிருக்கிறது என்று கேட்க வேண்டிய தேவை எழுவதில்லை. வேற்றுமையை மட்டும் காட்டுவது விலங்குக்காட்சி. ஒற்றுமையை மட்டும் காட்டுவது வாழ்த்து அட்டை. காரணம் கேட்க இரண்டும் இடந்தருவதில்லை.

நம்மையே ஒரு துணுக்காக எண்ணிப் பார்க்கலாம். அயல்நாட்டுப் பள்ளிப் புத்தகம் ஒன்றில், 'தமிழ்க் கத்தோலிக்கர்கள் தங்கள் அன்னைக்குத் தலைமயிரைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுக் கடலில் குளிக்கிறார்கள்' என்று ஒரு வரி வருவதாகக் கொள்வோம். வேளாங்கண்ணி சென்ற எவரும் அது பொய்யென்று சொல்ல முடியாது. காவி உடுத்திப் பல நாள் நடந்து வந்த கால்களும், பிழைத்தெழுந்த பிள்ளையை மடியில் வைத்து மொட்டையடிக்கும் தாயும், பக்கத்திலேயே அதே நேர்த்திக்கடனைச் செலுத்தும் இந்துக் குடும்பமும் அந்த வரியில் எங்கே? அமெரிக்க மானிடவியலர் ஹொரேஸ் மைனர் 1956-இல் தம் நாட்டினரின் பல்துலக்கும் பழக்கத்தையும் மருந்து அலமாரியையும், ஏதோ ஒரு விந்தைக் குடியின் சடங்குகள் போல எழுதிப் பகடி செய்தார். அந்தக் குடியின் பெயரைத் திருப்பிப் படித்த பிறகே வாசகர் தம்மை அடையாளம் கண்டார்கள்.

இனுயிட் மக்கள் பிறர் எடுத்த படத்துக்குப் பிறர் வழியே பதில் தேடவில்லை. சகாரியாஸ் குனுக்கும் அவருடைய நண்பர்களும் 1990-இல் இக்லூலிக் ஊரில் 'இசுமா' என்னும் திரைப்பட நிறுவனத்தை அமைத்தார்கள். முற்றிலும் இனுயிட் மொழியில் அவர்கள் எடுத்த முழுநீளக் கதைப்படமாகிய 'அத்தானர்ஜுவாட்' 2001-இல் கான் திரைவிழாவில் முதற்படத்துக்கான பொற்கேமரா விருதைப் பெற்றது. முன்னோர் வாய்மொழியாகச் சொல்லிவந்த பழங்கதை. பொறாமை, கொலை, துரத்தல், இறுதியில் பழிவாங்காமை. அதில் பனிவீடு உண்டு, கல்விளக்கு உண்டு, தோலாடை உண்டு. வன்முறையும் உடலின் வெளிப்படையும் மிகுந்த படமாகையால் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. பெரியவர்கள் தேடிப் பார்க்கத்தக்கது. ஆனால் படம் முடிந்து பெயர்கள் ஓடும் கடைசி நிமிடங்களை எந்த வகுப்பிலும் தயங்காமல் போட்டுக் காட்டலாம். அதுவரை பழங்கால வேட்டைக்காரர்களாக நாம் கண்ட அதே மனிதர்கள் இக்காலத்து உடுப்பில் நிற்கிறார்கள். பனிச்சறுக்கு வண்டியின்மேல் கேமராவைக் கட்டி, பனிவெளியில் அதைச் சிலர் இழுத்து ஓடுகிறார்கள்.